கரையில் சரியாகக் காட்டும் டேப்லெட் கடலில் ஏன் தடுமாறுகிறது?

தங்கச்சிமடத்தில் உங்கள் வீட்டில் இரண்டு டேப்லெட் இருக்கிறது. ஒன்றில் சிம் போட இடமில்லை, இன்னொன்றில் போடலாம். வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் இரண்டுமே தெருவைச் சரியாகக் காட்டுகின்றன. அப்பா நாட்டுப்படகில் எடுத்துப் போனால் முதலாவது கரையை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது. இரண்டாவதோ இலங்கையின் தலைமன்னார் பக்கம் பெரிதாக ஒரு நீல வட்டத்தைப் போட்டு வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்துத்தான் சரியான இடத்துக்கு வந்தது. இவை இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் 'எல்லைப் பக்கம் போகும்போது இதை நம்பலாமா' என்று ஒன்று போட்டிருக்கிறீர்களே, நிஜக் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் இரண்டாவதுக்குப் பதில் சொல்ல முடியும் என்பதால் வரிசையாகவே போகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக மண்டபம் பக்கம் படகுகளுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் மாட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதுமாகக் காலத்தை ஓட்டுகிறேன். டேப்லெட்டைப் பிரித்துச் சிப் மாற்றுகிற ஆள் இல்லை. நீங்கள் மாடலும் சொல்லவில்லை. அதனால் பொதுவாகச் சொல்வதை உறுதியாகவும், உங்கள் டேப்லெட் இரண்டுக்கும் என்ன நடந்திருக்கும் என்று சொல்வதை ஊகமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டேப்லெட் கையில் எந்தத் துப்பு கிடைக்கிறதோ அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு நீலப் புள்ளியை வைக்கிறது. சுற்றுவட்டாரத்து வைஃபை, செல்போன் டவர், இணைய இணைப்பின் முகவரி, வானத்துச் செயற்கைக்கோள் என்று துப்பு நாலு வகை. இந்த நாலில் ஒன்று அஞ்சு மீட்டருக்குள் சொல்லும், இன்னொன்று ஜில்லா விட்டு ஜில்லா தள்ளிச் சொல்லும். ஆனால் எதிலிருந்து வந்தாலும் திரையில் விழுவது அதே நீலப் புள்ளிதான், வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

உங்கள் முதல் டேப்லெட், அந்த சிம் இல்லாதது, வீட்டில் தெருவைச் சரியாகச் சொல்வது வைஃபையால். ஒவ்வொரு ரவுட்டரும் தனக்கென்று உள்ள ஒரு எண்ணை ஓயாமல் கூவிக்கொண்டிருக்கும். பாஸ்வேர்டு தெரிய வேண்டாம், இணையக்கூட வேண்டாம், அந்த எண் எல்லாருக்கும் கேட்கும். ஜிபிஎஸ் உள்ள போனோடு ஜனங்கள் தெருவில் போகும்போது, 'இந்த எண் இந்த இடத்தில் இவ்வளவு பலமாகக் கேட்டது' என்ற விவரம் அந்தப் போன்கள் வழியாகக் கூகுளுக்கும் ஆப்பிளுக்கும் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அப்படிச் சேர்ந்த பட்டியலில்தான் உங்கள் டேப்லெட் தேடுகிறது. அக்கம்பக்கத்து நாலு ரவுட்டரின் எண்ணை அனுப்பி 'நான் எங்கே' என்று கேட்டால் பதில் வரும். இது புதுசும் இல்லை. முதல் ஐபோனில் ஜிபிஎஸ்ஸே கிடையாது, 2008இல் அதற்கு ஸ்கைஹுக் என்கிற நிறுவனத்தின் பட்டியலை வைத்து இப்படித்தான் இடம் காட்டினார்கள், 2010இல் ஆப்பிள் சொந்தப் பட்டியலுக்கு மாறிக்கொண்டது.

இதில் என் கடையிலேயே ஒரு கூத்து நடந்தது. தூத்துக்குடியில் இருந்த மச்சான் வீடு காலி பண்ணும்போது தன் ரவுட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். கடையில் அதை மாட்டின நாளிலிருந்து, சிம் இல்லாத எந்த டேப்லெட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாலும் தூத்துக்குடி என்றது. என் கடை ஊரை விட்டுக் கொஞ்சம் ஒதுங்கி இருப்பதால் ஒத்துப் பார்க்கப் பக்கத்தில் வேறு வைஃபையும் இல்லை. பழுது பார்க்கக் கொடுத்த ஒருவர், 'கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்தது, என்னத்தைப் பண்ணினீங்க' என்று சண்டைக்கே வந்துவிட்டார். டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அவரோடு கடைத்தெரு வரைக்கும் நடந்து, அங்கே மண்டபம் என்று காட்டின பிறகுதான் மனுஷன் அடங்கினார். பத்துப் பதினைந்து நாளில் அது தானாகவே சரியானது. கடைக்கு வந்து போன போன்கள் திருத்தின தகவலைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க வேண்டும்.

சரி, கடலில் ரவுட்டர் ஏது? கரை மறைந்ததும் அந்த டேப்லெட்டுக்கு எந்தத் துப்பும் இல்லை, கேட்பதற்கு இணையமும் இல்லை. அதனால் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே புள்ளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அப்பா தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தாலும் பெரிசாக உதவாது. அப்போது இணைய முகவரியை வைத்து ஊகிக்கப் பார்க்கும், அது போன் கம்பெனியின் இணையம் வெளியே வருகிற ஊரைத்தான் சொல்லும், மதுரை என்றோ சென்னை என்றோ காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். ஐபேடில் இந்த விஷயம் தெளிவு: சிம் வசதியோடு வருகிற மாடலில் மட்டும்தான் ஜிபிஎஸ், வெறும் வைஃபை மாடலில் கிடையாது. ஆண்ட்ராய்டில் அப்படி ஒரே விதி இல்லை, சிம் இல்லாமலே ஜிபிஎஸ் உள்ளவையும் உண்டு, இரண்டும் இல்லாதவையும் உண்டு. உங்களுடையது இரண்டும் இல்லாத ரகம் என்பது என் ஊகம்.

இரண்டாவது டேப்லெட் தலைமன்னார் சொன்னது டவர் வேலையாக இருக்கும். ஒவ்வொரு டவருக்கும் ஒரு எண் உண்டு, அது எங்கே நிற்கிறது என்பதும் பட்டியலில் உண்டு. டேப்லெட்டுக்கு ஒரே ஒரு டவர்தான் கேட்கிறது என்றால், 'இந்த டவரைச் சுற்றி எங்கேயோ' என்று பெரிய வட்டமாகத்தான் போட முடியும். ஊருக்குள் கட்டடமும் மரமும் தடுப்பதால் டவர் சத்தம் சில கிலோமீட்டரில் அடங்கிவிடும், தண்ணீருக்கு மேலே தடுக்க எதுவும் இல்லாததால் வெகு தூரம் போகும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் சுமார் 30 கிலோமீட்டர்தான். பழைய 2ஜியில் ஒரு டவர் 35 கிலோமீட்டர் வரைக்கும் பேசலாம் என்பது கணக்கிலேயே உள்ள வரம்பு. தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனையில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களுக்கே 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்று குறுஞ்செய்தி வந்து விழுகிறது இல்லையா, அதே கதைதான். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றாக இருப்பதால் போனில் நேரமும் மாறாது, நெட்வொர்க் மாறினதைப் பாதிப் பேர் கவனிப்பதே இல்லை. ஆகவே படகு அந்தப் பக்கம் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அந்தப் பக்கத்து டவர் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் பத்து நிமிஷத்தில் சரியான இடத்துக்கு வந்ததே, அது செயற்கைக்கோள். கடலில் நமக்கு வேண்டியது இது ஒன்றுதான், அதனால் இதைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன். ஜிபிஎஸ் அமெரிக்காக்காரன் ஏற்பாடு. முதல் செயற்கைக்கோள் 1978இல் போனது, முழுசாக வேலைக்கு வந்தது 1995இல். இப்போது முப்பது சொச்சம், சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு சுற்று சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 'நான் இன்னார், இப்போது இங்கே இருக்கிறேன், மணி இவ்வளவு' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி கீழே வர 0.07 விநாடி ஆகும். எப்போது கிளம்பியது, எப்போது வந்தது என்று பார்த்தால் தூரம் கிடைத்துவிடும். அப்பாவுக்குச் சொல்வதானால் இப்படிச் சொல்லுங்கள்: மூன்று இடத்தில் நங்கூரம் போட்டு மூன்று கயிறும் விறைப்பாக நிற்கிறது, நங்கூரம் எங்கெங்கே கிடக்கிறது, கயிறு எவ்வளவு நீளம் என்பது தெரியும் என்றால் படகு எங்கே நிற்கிறது என்று கரையில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். ஆனால் இங்கே கயிற்றின் நீளத்தைக் கடிகாரத்தால் அளக்கிறோம். கடிகாரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் இடத்தில் 300 மீட்டர் பிசகும். டேப்லெட்டில் இருப்பது மலிவான கடிகாரம், அந்தத் துல்லியம் அதற்கு வராது. அதனால் நாலாவதாக ஒரு செயற்கைக்கோளையும் பிடித்து, தன் கடிகாரம் எவ்வளவு தப்பு என்பதையும் கணக்கிலேயே கண்டுபிடித்துக்கொள்கிறது. குறைந்தது நாலு வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கடிகாரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம்ம ஊர்க் கதையே இருக்கிறது. ஜிபிஎஸ் மாதிரியே நம் நாடு சொந்தமாகப் போட்ட நாவிக் திட்டத்தில் 2013இல் அனுப்பிய முதல் செயற்கைக்கோளில் மூன்று அணுக் கடிகாரம் இருந்தது, மூன்றும் பழுதாகி, மற்றதெல்லாம் நன்றாக இருந்தும் இடம் காட்டுகிற வேலைக்கு அது உதவாமல் போனது. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியதும் ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாததால் வீணாகி, 2018 ஏப்ரலில் இன்னொன்றை அனுப்பினார்கள். இப்போதைய சிப்கள் ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கின்றன, சிலதில் நாவிக்கும் உண்டு.

பத்து நிமிஷம் ஏன் ஆனது? செயற்கைக்கோள் தன் இருப்பிட விவரத்தை விநாடிக்கு 50 பிட் என்கிற ஆமை வேகத்தில்தான் சொல்லும். ஒரு செயற்கைக்கோளின் விவரம் முழுசாகக் கேட்க 30 விநாடி, நடுவில் ஒரு துண்டு விட்டுப்போனால் அது மறுபடி வரும் வரை காத்திருக்க வேண்டும். எல்லாச் செயற்கைக்கோளுக்குமான பஞ்சாங்கம் மாதிரி ஒன்று இருக்கிறது, அதை முழுக்க வாங்க 12.5 நிமிஷம். கரையில் இந்த விவரத்தையெல்லாம் இணையம் வழியாக ஒரு நொடியில் இறக்கிக்கொள்ளும், அதனால் ஊருக்குள் உடனே காட்டுகிறது. கடலில் இணையம் இல்லாமல், அதுவும் நெடுநாள் ஜிபிஎஸ் பக்கமே போகாத டேப்லெட் என்றால், எல்லாவற்றையும் வானத்திலிருந்தே கேட்டு முடிக்க வேண்டும். படகில் அதைத் தகரக் கூரைக்கு அடியில் வைத்திருந்தால் இன்னும் தாமதம். ஃபைபர், தார்ப்பாய் வழியாக அலை வந்துவிடும், தகரம் வழியாக வராது. கிளம்புவதற்கு முன் கரையிலேயே, டேட்டா இருக்கும்போதே, திறந்த வெளியில் அஞ்சு நிமிஷம் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. போகிற பகுதியின் மேப்பையும் அப்போதே இறக்கி வையுங்கள். ஜிபிஎஸ் கொடுப்பது வெறும் எண்கள், படத்துக்குத்தான் இணையம் வேண்டும். நிறையப் பேர் மேப் வெள்ளையாக வந்ததும் ஜிபிஎஸ் செத்துவிட்டது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஆக, புள்ளியை விடுங்கள், அதைச் சுற்றி இருக்கும் வெளிறிய வட்டத்தைப் பாருங்கள். வட்டம் பெரிசாகப் பரந்து கிடந்தால் அது டவரோ வைஃபையோ சொன்னது, சுருங்கிப் புள்ளியோடு ஒட்டிக்கொண்டால் செயற்கைக்கோள் கிடைத்துவிட்டது. அந்த வட்டமும் சத்தியம் பண்ணித் தருவதில்லை, ஆண்ட்ராய்டில் மூன்றுக்கு இரண்டு தடவை நீங்கள் அதற்குள் இருப்பீர்கள் என்பதுதான் அதன் கணக்கு. உங்கள் டேப்லெட்டில் ஜிபிஎஸ் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் மாடல் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்: ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையையும் அணைத்து, மொட்டைமாடிக்குப் போய், செயற்கைக்கோள்களைப் பட்டியலிடுகிற ஏதாவது ஒரு இலவசச் செயலியைத் திறந்து கால் மணி நேரம் வையுங்கள். ஜிபிஎஸ் வெறுமனே கேட்பது மட்டும்தான், எதையும் அனுப்புவதில்லை, அதனால் ஏரோபிளேன் மோடிலும் வேலை செய்யும். அஞ்சாறு செயற்கைக்கோள் வந்தால் இருக்கிறது. ஐபேட் என்றால் இதுவும் வேண்டாம், சிம் வசதி உண்டா இல்லையா என்று பார்த்தாலே போதும். ஜிபிஎஸ் போட்டால் நேவிக்குத் தெரிந்துவிடும் என்று சிலர் அணைத்து வைக்கிறார்கள், அது தப்பு. செயற்கைக்கோளுக்கு உங்கள் படகு இருப்பதே தெரியாது. தன் இடத்தை வெளியே அனுப்புவது டிரான்ஸ்பாண்டர், அது வேறு பெட்டி.

நம் பகுதிக்கென்று ஒரு சங்கடமும் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்கோடியை ஒட்டிப் போகிறது, 1963இல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் போட்டதே அதற்காகத்தான். அந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் பொழுது சாய்ந்த பிறகு மேல்வானத்து மின்துகள் அடுக்கு கொந்தளிக்கும், செயற்கைக்கோள் அலை அதன் வழியாக வரும்போது மினுங்கும், சில சமயம் ஒன்றிரண்டு அறுந்தே போகும். மார்ச்சு, செப்டம்பரை ஒட்டிய மாதங்களிலும் சூரியன் உக்கிரமாக இருக்கும் வருஷங்களிலும் இது அதிகம். ராத்திரி ஏழரை, எட்டு மணிக்குப் புள்ளி கொஞ்சம் அலைந்து மறுபடி நிலைக்கு வந்தால் அதற்காகப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வராதீர்கள்.

இனி உங்கள் நிஜக் கேள்வி. செயற்கைக்கோள் பிடித்த டேப்லெட் திறந்த கடலில் அஞ்சு பத்து மீட்டருக்குள் சொல்லும், படகு ஜிபிஎஸ்ஸுக்கு அதில் பெரிசாகக் குறைந்ததல்ல. இடத்தைப் பொறுத்தவரை நம்பலாம். எல்லையைப் பொறுத்தவரை நம்பக் கூடாது. சாதாரண மேப் செயலி தெருவுக்குச் செய்தது. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஒப்பந்தங்களில் போட்ட எல்லைக்கோட்டை, அதாவது கச்சத்தீவுக்கு மேற்கே போகிற அந்தக் கோட்டை, கடல்வரைபடத்தில் இருக்கிற துல்லியத்தோடு அதில் எதிர்பார்க்காதீர்கள். படகு ஜிபிஎஸ்ஸில் கோட்டை ஏற்றி, நெருங்கினால் கத்துகிற மாதிரி அலாரம் வைக்கலாம். ராத்திரி வலை விட்டுவிட்டுக் கண் அயரும்போது நீரோட்டம் படகை இழுத்துக்கொண்டு போவதுதான் நிறைய வம்புக்குக் காரணம், அப்போது திரை அணைந்து கிடக்கிற டேப்லெட் என்ன செய்யும்? போதாக்குறைக்கு ஈர விரலுக்கு அது கேட்காது, திரையில் உப்புத்தண்ணி தெறித்தால் தானாகவே எதையாவது அமுக்கிக்கொள்ளும், உச்சி வெயிலில் சூடேறி அணைந்துபோகும். வடகடல், அதாவது பாக் விரிகுடா, அமைதியாக இருக்கும் நாளில் கரையோரம் போய்வர வைத்துக்கொள்ளட்டும், படகு ஜிபிஎஸ்ஸுக்குத் துணையாக இருக்கட்டும், அதற்கு மாற்றாக வேண்டாம். என்னைக் கேட்டால் எல்லைப் பக்கம் தனி டேப்லெட்டோடு போவது துணிச்சலில் சேராது.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். அப்பாவின் நோட்டில் பாரு (கடலடிப் பாறைத் திட்டு), வலை மாட்டுகிற இடம் எல்லாம் எண்ணாக எழுதி வைத்திருப்பார், அதைப் பார்த்து டேப்லெட்டில் தட்டப் போகிறீர்கள். படகு ஜிபிஎஸ்ஸில் 9 17.500, 79 19.200 என்று இருந்தால் அதற்கு 9 டிகிரி 17.5 நிமிடம், 79 டிகிரி 19.2 நிமிடம் என்று அர்த்தம், அது ராமேஸ்வரம் கோயிலுக்குப் பக்கம். டேப்லெட் மேப் எதிர்பார்ப்பது முழுக்க டிகிரிக் கணக்கு. நீங்கள் அப்படியே 9.17500, 79.19200 என்று தட்டினால் புள்ளி குருசடைத் தீவுக்கும் தெற்கே தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) போய் விழும், சரியான இடத்திலிருந்து கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர் தள்ளி. எந்த எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் அதுவும் ஒழுங்கான ஒரு இடம்தான். நிமிடத்தை 60ஆல் வகுத்துவிட்டுப் போடுங்கள்: 17.5ஐ வகுத்தால் 0.29167, ஆகவே 9.29167, 19.2ஐ வகுத்தால் 0.32, ஆகவே 79.32000. முதலில் உங்கள் தெருப் படகுத்துறையின் எண்ணைப் படகு ஜிபிஎஸ்ஸில் குறித்து, வகுத்து, டேப்லெட்டில் தட்டிப் பாருங்கள். அதே படகுத்துறையில் வந்து விழுந்தால் மீதியை ஏற்றலாம். ஏற்றின பிறகு நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாமல் ஒரு போட்டோ எடுத்து வீட்டுப் போன் எதிலாவது வைத்துக்கொள்ளுங்கள்.